சொட்டக்கா பிரித்த தண்ணீர்த் துப்பாக்கி

சிரிஞ்சு செய்யும் தொழிற்சாலையில் அவளுக்குச் 'சொட்டக்கா' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை. சிரிஞ்சில் தண்ணீரை இழுத்து, முனையை அடைத்து, தண்டை அழுத்திப் பிடித்து, ரப்பர் ஓரமாகக் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சொட்டு வந்தாலும் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவாள். மேற்பார்வையாளர் கெஞ்சினாலும் முறைத்தாலும் மசியமாட்டாள்.

அவள் கணவர் தையல்காரர். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு, முன்னறையில் தையல் மெஷின். முழங்கால் தேய்ந்துபோனதால் அவர் ஸ்டூலில் ஏறுவதை நிறுத்தி நாலு வருடம் ஆகிறது. ஏறமுடிந்த காலத்தில் வைத்த ஐந்து ரோஜாத் தொட்டிகள் மட்டும் ஜன்னலுக்கு வெளியே, பக்கத்துச் சன்ஷேடில், கைக்கு எட்டாமல் வரிசையாக நின்றன. அவற்றுக்குத் தண்ணீர் விட அவர் கண்டுபிடித்த வழிதான் மகளின் பழைய தண்ணீர்த் துப்பாக்கி. மகள் வெளியூர் வேலைக்குப் போனபிறகு பரணில் கிடந்தது அது. கைப்பிடியை முன்னும் பின்னும் இழுத்துக் காற்றேற்றி விசையை அழுத்தினால் கடைசித் தொட்டி வரைக்கும் பாயும்.

ஒரு சனிக்கிழமை மாலை அவள் வேலை முடிந்து வந்தபோது, அவர் முன்சட்டை முழுக்க நனைந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, சட்டையோடவே குளிச்சிட்டீங்களா?"

"கிண்டல் பண்ணாதே. தண்ணி முன்னாடி போகாம என் மேலயே வருது. மூணு நாளாச்சு, செடி வாடுது."

"மூணு நாளா ஏன் சொல்லல?"

அவர் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார். அது அவளை உறுத்தியது.

சாப்பாட்டு மேஜையில் பழைய துண்டை விரித்து, துப்பாக்கியின் திருகாணிகளைக் கழற்றி, பம்புத் தண்டை உருவினாள். தண்டின் நுனியில் ஒரு பள்ளம், அதற்குள் கறுப்பு ரப்பர் வளையம். ஊதிப்போய், ஓரிடத்தில் பிளந்திருந்தது. பழசான ரப்பர் காய்ந்து வெடிக்கும், இப்படி ஊதாது. எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"இதுல மெஷின் எண்ணெய் போட்டீங்களா?"

தையல் மெஷின் சட்டென்று நின்றது.

"இழுக்க இறுக்கமா இருந்துச்சு. ரெண்டே ரெண்டு சொட்டு..."

"யாருகிட்ட வந்து சொட்டுக் கணக்கு சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்துவிட்டாள். "எண்ணெய் இரும்புக்குங்க. இந்த ரப்பர் அதைக் குடிச்சு உப்பிடும்."

"எனக்கென்ன தெரியும்? என் மெஷினுக்கு நல்லதுன்னா இதுக்கும் நல்லதுதான்னு நெனச்சேன்."

மறுநாள் காலை, குழாய்ச் சாமான் கடைக்குத் தண்டையும் அது ஓடும் குழலையும் எடுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் டப்பாவைக் கவிழ்த்தார். ஒரு வளையம் தடிமன். அதை மாட்டினால் தண்டு குழலுக்குள்ளேயே போகவில்லை. இன்னொன்று அளவு சரி, ஆனால் மெலிசு. மெலிசானதையே வாங்கினாள், கூடவே குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டேப்பும் ரப்பரைக் கெடுக்காத சிலிக்கான் கிரீஸ் கொஞ்சமும்.

வீட்டுக்கு வந்து பள்ளத்தில் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே வளையத்தை மாட்டினாள். அடித்துப் பார்த்தால் பாதித் தூரம் போனது. கைப்பிடி ஓரத்தில் முத்துப்போல ஒரு சொட்டு.

"இது போதும்மா. ரெண்டு தொட்டிக்காவது எட்டுதே," என்றார் அவர்.

"நீங்க கை நீளம் ஒரு விரக்கடை குறைஞ்ச சட்டையைக் கொடுத்து, இது போதும்னு சொல்வீங்களா?"

மறுபடியும் பிரித்தாள். இந்தத் தடவை மூன்று சுற்று. டேப் இழுபட்டுக் கோணலாகப் பிய்ந்தது. கத்தியால் வெட்டினால் நூல் நூலாகத் தொங்கியது. அப்போது அவர் எழுந்து வந்து தன் கத்திரிக்கோலை மேஜையில் வைத்தார். அதைத் துணி தவிர வேறெதிலும் வைக்க விடமாட்டார். பேப்பர் வெட்டிவிட்டாள் என்று மகளிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்தவர்.

"நெஜமாவா?" என்றாள்.

"சீக்கிரம் வெட்டு, மனசு மாறிடப்போகுது."

டேப் நேராக அறுந்தது. வளையத்தில் கிரீஸ் தடவி, தண்டைச் செருகி, திருகாணிகளை முடுக்கினாள். பத்து முறை காற்றேற்றி, கைப்பிடியைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தாள். விரல் காய்ந்தே இருந்தது.

அவர் ஜன்னலில் நின்று அடித்தார். தண்ணீர் வில்லாக வளைந்து கடைசித் தொட்டியில் விழுந்தது. வெளுத்துக் கிடந்த மண் கறுத்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"இங்க கொடுங்க, நானும் அடிக்கிறேன்."

இத்தனை வருடத்தில் அவள் அதைத் தொட்டு விளையாடியதே இல்லை. மகள் விளையாடிய நாட்களில் பெரும்பாலும் இவள் ஷிப்டில் இருந்திருக்கிறாள். முதல் அடி எதிர்வீட்டுச் சுவரில் பட்டது. இரண்டாவது எங்கே போனதென்றே தெரியவில்லை, கீழே யாரோ "யாருங்க மேல?" என்று கத்தினார்கள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே குனிந்தார்கள்.

"முழங்கால்! என் முழங்கால்!" என்று அவர் முனகியபடியே சிரித்தார்.

அவரைத் தூக்கி நிறுத்திவிட்டு, மறுபடி தண்ணீர் நிரப்ப அவள் சமையலறைக்குப் போனாள்.