கீழிருந்து மூன்றாவது வரி

இஸ்திரிக்கார அம்மாவின் கடைக்கு நேர் எதிரே போர் நினைவுத்தூண் நின்றது. கல்யாணமாகி இருபத்திரண்டாம் நாள் சண்டைக்குப் போன அவர் கணவர் திரும்பவில்லை. உடலும் வரவில்லை. தூணில் கீழிருந்து மூன்றாவது வரியாகப் பெயர் மட்டும் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து நாற்பத்தொரு வருஷம், கடை திறக்கும் முன் அந்த வரியை ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவிவிட்டுத்தான் பெட்டிக்குக் கரி போடுவார். மற்ற பெயர்களைப் பாசி மூடிக் கிடப்பதைப் பார்த்து, 'பாவம், கேட்க நாதியில்லாதவர்கள்' என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொள்வார். பொய் சொல்வானேன்?

தூண் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியதும் தெருவே வரிந்து கட்டிக்கொண்டு இறங்கியது. கொத்தனார் கூலி வாங்காமல் சாரம் கட்டினார். பஸ் டிரைவர்கள் விடுமுறை நாளில் மண் சுமந்தார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் குழுவுக்குத் தலைவரானார். அவர் பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூன்றே கால். அம்மா எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தார்.

பாசியைச் சுரண்டிய இடத்திலெல்லாம் எழுத்துகள் நன்றாகவே இருந்தன. பெயர்களை மறுபடி வெட்ட வந்த கல்தச்சர், கீழிருந்து மூன்றாவது வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"பாசி ஒண்ணும் பண்ணல. இந்த ஒரு வரியத்தான் யாரோ தேய்ச்சுத் தேய்ச்சே அழிச்சிருக்காங்க."

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். விரல் ஊர்ந்தால் தேயாதா என்ன? கையிலிருந்த டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நாந்தாங்க அது," என்றார் அம்மா. சொன்னதும் அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டார்.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "கண்ணுக்குத் தெரியுற பேரைத்தான் மறுபடி வெட்டணும்னு முடிவு பண்ணியிருக்கோம்மா. பழைய பட்டியலும் தீயில போயிருச்சு. உங்க வாய் வார்த்தைய வச்சு வெட்டினா, நாளைக்கு ஆளாளுக்கு ஒரு பேரோட வந்து நிப்பாங்க."

"அவரு முகமே எனக்கு மறந்து போச்சு சார். ஒரு போட்டோகூட கிடையாது. பேரு மட்டும்தான் விரல்ல இருக்கு. அதையும் விட்டுட்டு நான் எங்க போய் அவரைத் தேடுவேன்?"

கல்தச்சர் எழுந்து வந்து அம்மாவின் ஆள்காட்டி விரலைச் சுண்ணப்பொடியில் தோய்த்தார்.

"கண்ண மூடிக்கிட்டு, தினமும் தடவுற மாதிரியே தடவுங்கம்மா."

விரல் தயங்கவே இல்லை. வளைந்தது, ஏறியது, சுழித்தது, அடுத்த எழுத்துக்குத் தாவியது. வெறும் கல்லில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. கல்தச்சர் டார்ச்சை அடித்துச் கல்லை ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்தார். சாய்ந்த வெளிச்சத்தில், மிச்சமிருந்த மெல்லிய பள்ளங்கள் நிழலாகத் தெரிந்தன. வெள்ளைக் கோடு மயிரிழை பிசகாமல் அவற்றின்மேல் கிடந்தது.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "வெட்டுப்பா," என்றார்.

கல்தச்சர் உளியைத் தேர்ந்தெடுத்தார். "மத்த பேரு அளவு ஆழத்துக்கே வெட்டட்டுமாம்மா?"

"ஒரு நூல் அதிக ஆழமாவே வெட்டு தம்பி," என்றார் அம்மா. "என் கை சும்மா இருக்காது. எனக்கப்புறம் அவரைத் தொட ஆள் இல்ல. அதுவரைக்குமாவது தாங்கணும்ல."