வானத்து நாய்க்குச் சம்பந்தி

டோல்கோர் தேநீரில் பாலும் உப்பும் சேர்த்து ஆற்றிக்கொண்டிருந்த காலை வேளையில் செய்தி வந்தது. கொண்டுவந்தவர் பக்கத்து மந்தைக்காரர் லுவ்சான். அந்தப் புல்வெளியில் எந்தக் கூடாரத்துக்கு யார் வந்தாலும் தொலைவிலேயே “நாயப் பிடிங்க!” என்று கத்துவார்கள்; அந்த வீட்டில் நாயே இல்லாவிட்டாலும் கத்துவார்கள். அன்று அவர் கத்தவில்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நேரே அவளிடம் வந்தார்.

“யஞ்மா அக்கா தூக்கத்துலயே தெய்வமாயிட்டாங்கம்மா. முகம் அமைதியா இருக்கு.”

யஞ்மா, டோல்கோருடைய கணவனின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல், அல்தாய் அடிவாரத்தில் ஆடுகளோடும் நாய்களோடும் எழுபது வயதை நெருங்கியவர். வாழ்க்கையில் ஏதோ குறை என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

சில வருடங்களுக்கு முன் அவருடைய பெட்டை நாய் குளிர்காலத்தில் காணாமல் போய்த் திரும்பி வந்தது. பிறகு குட்டி போட்டது. மற்றவை கறுப்பு, ஒன்று மட்டும் ஓநாயைப் போலச் சாம்பல் நிறம், நெடிய கால். கண்ணுக்கு மேலே இரண்டு பொட்டு இருந்ததால் அவன் நாலுகண்ணன் ஆனான். ஓநாயை அங்கே பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார்கள், வானத்து நாய் என்பார்கள்.

“என்னக்கா, வானத்து நாய்க்குச் சம்பந்தி ஆயிட்டீங்களாமே! சீருக்கு ஆடு கேட்டு வரப்போறாங்க,” என்று கேலி செய்தார் லுவ்சான்.

“வந்தா உன் மந்தையக் காட்டிவிடறேன், போடா.”

லுவ்சான் சிரித்தாலும் துப்பாக்கியைத் துடைத்துத் தயாராகத்தான் வைத்திருந்தார். குட்டி நாயா, ஓநாயா என்று சோதிக்க யஞ்மா ஒரு எலும்பின் மேல் இரும்புச் சட்டியைக் கவிழ்த்து வைத்தார். கறுப்புக் குட்டிகள் பிறாண்டிப் பார்த்துவிட்டு, முடியாமல் போனதும் அவர் முகத்தைப் பார்த்து முனகின. நாலுகண்ணன் பார்க்கவே இல்லை. மூக்கில் ரத்தம் வரும்வரை சட்டியோடு மல்லுக்கட்டினான்.

“பாத்தீங்கல்ல? மனுசங்க இருக்கற நெனப்பே இல்ல அதுக்கு. சுட்டுரலாம்.”

“ஆட்டுக்குட்டிங்களோட படுக்க விடறேன். அடுத்த வசந்தம் வரைக்கும் பொறு.”

“அதுக்கு மேல ஒருநாள் கூடப் பொறுக்க மாட்டேன்.”

வசந்தம் வந்தது. ஒரு மத்தியானம், டோல்கோர் அங்கே சாணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, நாலுகண்ணன் தனியாக ஓடிவந்தான். யஞ்மாவின் எதிரே நின்று முகத்தையே பார்த்தான். கொஞ்ச தூரம் ஓடினான், திரும்பி வந்தான், மறுபடியும் பார்த்தான்.

“அடேய், இன்னைக்குத்தான் நான் உன் கண்ணுக்குத் தெரிஞ்சனா?” என்றபடி யஞ்மா பின்னால் போனார், டோல்கோரும் போனாள். ஓடையில் பனிப்பாளம் உடைந்து ஒரு ஆட்டுக்குட்டி சிக்கிக் கிடந்தது. காதில் லுவ்சான் மந்தையின் அடையாளம்.

யஞ்மா அதை அங்கிக்குள் கதகதப்பாக வைத்துக்கொண்டு போய் லுவ்சானிடமே நீட்டினார். “இந்தா, சம்பந்தி வீட்டுச் சீர்.”

லுவ்சான் துப்பாக்கியை உறையில் போட்டார். ஆனால் வெளியூர் வேட்டைக்காரர்களுக்கு இந்தக் கதை தெரியாதே, ஓநாய் என்று சுட்டுவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும், பழையது நைந்து விழுந்ததும், யஞ்மா சிவப்புக் கம்பளி நூலில் நாலுகண்ணனுக்குக் கழுத்துப்பட்டை பின்னுவார்.

இப்போது நாலுகண்ணன் யஞ்மாவின் கூடார வாசலில் படுத்திருந்தான். டோல்கோர் போய் நின்றதும் எழுந்து அவள் முகத்தைப் பார்த்தான். “வா, நம்ம வீட்டுக்குப் போகலாம்,” என்று தன் சிவப்புத் தலைக்குட்டையை அவிழ்த்து அவன் கழுத்தில் கட்டினாள்.

இந்த வருடத்துப் பட்டை யஞ்மாவின் படுக்கையருகே ஊசியோடு கிடந்தது. இன்னும் மூன்று விரல் அளவு பின்ன வேண்டியிருந்தது.