டிரெய்லரில் வைத்த இரும்புக் கட்டை

ரயில் எஞ்சினை எல்லோரும் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். எனக்கு அதன் அடியில்தான் பிழைப்பு. மீட்டர்கேஜ் டீசல் ஷெட்டில், போகி செக்‌ஷனில் பிட்டர். போகி என்பது எஞ்சினின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, அதன் வயிற்றுக்கடியில் தனியாகத் திரும்புகிற சக்கர வண்டி.

ஆதியில் அதை நடுவில் ஓர் ஆணியை மட்டும் வைத்துப் பூட்டினார்களாம். வளைவில் அழகாகத் திரும்பியது. நேர்ப்பாதையில் வேகமெடுத்தால் இப்படியும் அப்படியும் அலைந்தது. இறுக்கினால் அலைச்சல் நின்றது, ஆனால் வளைவில் தடம்புரண்டது. இதற்கு வழி தேடியே எத்தனையோ பேர் தலை நரைத்திருக்கிறார்கள். நீராவி எஞ்சினில் ஸ்பிரிங் வைத்துப் பார்த்தார்கள். எங்கள் டீசலில், அந்த ஆணி உட்காரும் நடுக்கிண்ணத்துக்கு இரண்டு பக்கமும் எண்ணெயில் ஊறிய தாங்கிகள். அவை அலையவும் விடாமல், திரும்புவதையும் தடுக்காமல் பார்த்துக்கொள்ளும். அந்தத் தாங்கிகளைத் துடைத்தே எனக்கு ஆறு வருஷம் போயிருந்தது. இவ்வளவும் தெரிந்தவன்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அக்காவை மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். கரும்பை ஆலைக்கு ஓட்ட மாமாவிடம் ஒரு டிராக்டரும் நாலு சக்கர டிரெய்லரும் இருந்தன. டிரெய்லரின் முன் அச்சும் போகி மாதிரி ஒரு தட்டில் தனியாகத் திரும்பும். சுமையில்லாமல் வேகமாக வந்தால் வாலாட்டும்.

“மச்சான், எஞ்சினையே ரிப்பேர் பண்ற, இத ஒரு கை பாக்க மாட்டியா?” என்றார் மாமா ஒருநாள்.

எனக்குப் பெருமை ஜாஸ்தி, பொறுமை கம்மி. பட்டறையிலிருந்து வெல்டிங் மெஷினை வரவழைத்து, பம்புசெட் கரண்டில் மாட்டி, அந்தத் தட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்புக் கட்டைகளை வைத்துப் பற்றவைத்தேன். முன்சக்கரம் கொஞ்சம்தான் திரும்பும். அதற்கு மேல் கட்டையில் முட்டி நிற்கும். கஞ்சி கொண்டுவந்த அக்கா குனிந்து பார்த்தாள்.

“வண்டி திரும்புமாடா?”

“நம்ம ரோட்ல எங்கக்கா அவ்ளோ திருப்பம் இருக்குது?”

மாமா வந்து ஓட்டிப் பார்த்தார். வால் ஆடவில்லை. எப்படிச் சரிசெய்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரங்களை வெட்டிப்போட்ட வருஷங்கள் அவை. கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் தெருவிலிருந்தும் போனார்கள். அந்தச் சமயத்தில்தான் அக்கா, கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, உண்டாகியிருந்தாள். நான் லீவில் வந்திருந்த ஒரு காலையில் வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோங்கள் என்றாள் மருத்துவச்சி. மறியலுக்குப் பயந்து எந்தக் காரும் வரவில்லை. டிரெய்லரில் வைக்கோல் பரப்பி அக்காவைப் படுக்கவைத்தோம்.

சங்கராபுரம் போவதற்குள் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. அங்கிருந்தவர்கள் அக்காவைப் பார்த்ததும் பதறிப்போனார்கள்.

“வாய்க்கா மேட்டு வழியா போங்க, முன்னால ஆள் அனுப்பறோம்” என்றார் ஒருவர்.

மேட்டில் ஒரு சின்ன மதகுப் பாலம், அதையொட்டி முழங்கை மாதிரி ஒரு திருப்பம். டிராக்டர் திரும்பிவிட்டது. டிரெய்லரின் முன்சக்கரம் திரும்பவில்லை. டங்கென்று கட்டையில் இரும்பு முட்டிய சத்தம் எனக்குக் கேட்டது. மாமா இழுக்க இழுக்க, முன்சக்கரம் தேய்ந்துகொண்டே போய் வாய்க்கால் சேற்றில் இறங்கியது. பின்னால் எடுத்தாலும் அதே கதி.

மரம் வெட்டியவர்களே ஓடிவந்து தோள் கொடுத்துத் தூக்கினார்கள். அசையவில்லை. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பக்கத்துக் கொட்டகையிலிருந்து கயிற்றுக் கட்டிலை எடுத்து, அக்காவைக் கிடத்தி, ஆள் மாற்றி ஆள் சுமந்தோம். மேற்கே கல்வராயன் மலை கூடவே வந்துகொண்டிருந்தது. எவ்வளவு நடந்தும் இடம் மாறாதது போலிருந்தது. மரங்களுக்கு அப்பால் ஒரு வேன் கிடைத்தது.

அக்கா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை. அதன்பிறகு அவளுக்கு உண்டாகவேயில்லை.

“மரத்த வெட்னவனுங்க வெளங்குவானுங்களா!” என்று மாமா தலையிலடித்துக்கொண்டார். நானும் தலையாட்டினேன். கட்டிலைச் சுமந்து தோல் உரிந்த அவர்கள் தோள்களை நான் பார்த்திருந்தேன். தெரிந்தேதான் தலையாட்டினேன்.

மறுவாரம் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அந்தக் கட்டைகளை உளியால் வெட்டியெடுத்துக் கிணற்றில் போட்டேன்.

பல வருஷங்களுக்குப் பிறகு, மாமா காலமான கையோடு, டிரெய்லரை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். குனிந்து பார்த்தவர், “இது இன்னாங்க தழும்பு? எதையோ வெல்டு வச்சு வெட்டியிருக்காங்க?” என்றார்.

“எந்தம்பி வச்சதுங்க. அவனே எடுத்துட்டான்” என்றாள் அக்கா.

அவர் போகும்வரை காத்திருந்து, “உனக்குத் தெரியுமாக்கா?” என்றேன்.

“வக்கிறப்பவும் பாத்தேன். கெணத்துல போடறப்பவும் பாத்தேன்.” முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். “உங்க மாமாகிட்ட நீயே ஒரு நாளு சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்டா. அவரு கடைசி வரிக்கும் அந்த ஜனங்களத் திட்டிக்கினே போய்ட்டாரு.”

சொல்லிவிட்டு, சோறு போட உள்ளே போனாள். அத்தனை வருஷமும் எனக்குப் போட்டது போலவே இலையைத் துடைத்து வைத்தாள். நான் போய் உட்கார்ந்தேன்.