மஞ்சள் காரின் முன்கண்ணாடி

கார்க் கண்ணாடி மாற்றும் அந்தக் கடையில் அவருக்கு சிஐடி என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. டீ கொஞ்சம் முன்னதாக வந்தால் "இன்னைக்கு ஏன் சீக்கிரம்?" என்று கேட்பார். முதலாளி சிரித்த முகத்தோடு உள்ளே வந்தால், இதில் ஏதோ இருக்கிறது என்பார். யாராவது வலிய வந்து நலம் விசாரித்துவிட்டால் போச்சு, அன்று முழுக்க அதையே மென்றுகொண்டிருப்பார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. வேலையில் கை சுத்தம், வாய் சுத்தம். ஆனால் தன்னை ஏமாற்றுவதற்கென்றே ஊரில் பாதிப் பேர் காலையில் எழுந்து பல் துலக்குகிறார்கள் என்று அவருக்கு உள்ளூர ஓர் எண்ணம்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி இதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். "கல்யாணம் முடிஞ்சு ஆறு மாசம், 'உங்க வீட்டுல என்னை ஏன் பிடிச்சுது'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். எனக்கே அப்புறம் சந்தேகம் வந்துடுச்சு."

அந்த மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் கடைக்குள் வந்தபோது எல்லாரும் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். தரையோடு தரையாக இருந்தது. உள்ளே யார் என்று பார்க்கவே குனிய வேண்டியிருந்தது. கதவு திறந்து, கிணற்றிலிருந்து ஏறி வருவதுபோல ஒரு பெண் எழுந்து வந்தாள். நடுத்தர வயது, குட்டையாக வெட்டிய முடி, கழுத்தில் இறக்கிவிட்ட முகமூடி. இரண்டு தெரு தள்ளி இருக்கும் பல் டாக்டர். முன்கண்ணாடியில் கல்லடி பட்டு நட்சத்திரம்போல ஒரு வெடிப்பு.

சாவியைக் கொடுப்பதற்கு முன் காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்தாள். சிஐடிக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக அவர் பிறரைப் பார்த்த பார்வையை ஒருத்தி முதல்முறையாக அவர்மேல் திருப்பியிருந்தாள்.

"வேலை நடக்கும்போது நான் இங்கயே உக்காந்திருக்கலாமா?" என்றாள்.

"எதுக்கு டாக்டர்? முடிச்சிட்டு கூப்பிடுறோம்."

"இல்ல, உக்காந்துக்கறேன்."

அந்தக் காருக்கான கண்ணாடி எளிதில் கிடைப்பதில்லை. வெளியிலிருந்து தருவித்துக் கிடங்கில் இறக்கி, அங்கிருந்து வேனில் கடைக்கு வர வேண்டும். வேன் ஓட்டுவது சிஐடியின் மச்சான், மனைவியின் தம்பி. தனி ஆள், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எப்போதும் அக்கா வீட்டில்தான்.

கண்ணாடி காலையில் வர வேண்டியது, மதியம்தான் வந்தது. "ஏண்டா லேட்டு?" என்று சிஐடி கேட்டார். மச்சான் அவர் முகத்தைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு, "பெருசுதான் மாமா, பாத்து இறக்கணும்," என்றான்.

கேட்ட கேள்வி ஒன்று, வந்த பதில் வேறு. சிஐடி அதை மனதில் முடிந்துவைத்தார்.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. மெல்லிய கம்பியை ஓரத்தில் செலுத்திப் பழைய பசையை அறுத்தார். உறிஞ்சுக் கப்புகளை ஒட்டி, அவரும் உதவிப் பையனும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து உடைந்த கண்ணாடியைத் தூக்கினார்கள். சட்டத்தைச் சுத்தம் செய்து, கறுப்புப் பசையை ஒரே சீராக இழுத்து, புதுக் கண்ணாடியை இறக்கி, டேப் ஒட்டினார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த டாக்டர் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மூலையில பசை கொஞ்சம் கம்மியா இருக்கற மாதிரி இருக்கே?"

"நான் உங்க கிளினிக்ல படுத்துக்கிட்டு, அந்தப் பல்லுல சிமெண்ட் கம்மின்னு சொல்வேனா டாக்டர்?"

அவள் சிரிக்கவில்லை. "சொன்னா கண்டிப்பா திரும்பப் பாப்பேன்," என்றாள்.

சிஐடி திரும்பப் பார்த்தார். பசை சரியாகத்தான் இருந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். மஞ்சள் கார் மறுபடியும் வாசலில் நின்றது. கண்ணாடியின் கீழ் மூலையிலிருந்து ஒரு விரிசல் தலைமுடிபோலக் கிளம்பி, வளைந்து, நடுவரை வந்திருந்தது. சிஐடி நகத்தால் அதன்மேல் தடவிப் பார்த்தார். கல்லடி பட்ட குழி எங்கும் இல்லை.

"எங்கயாவது இடிச்சீங்களா?"

"இடிச்சிருந்தா இடிச்சேன்னு சொல்லுவேன். நீங்க சரியா ஒட்டினீங்களா?"

"ஒட்டினதைத்தான் உக்காந்து பாத்தீங்களே!"

"பாத்தேன். அதான் எனக்கும் புரியல."

முதலாளி நடுவில் வந்து, கடைப் பொறுப்பில் இன்னொன்று மாற்றித் தருவதாகச் சொல்லி முடித்துவைத்தார். அன்றிலிருந்து சிஐடிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டாக்டர் பொய் சொல்கிறாள் என்று ஒரு வேளை தோன்றியது. அடுத்த வேளை, கண்ணாடியே டூப்ளிகேட்டோ என்று தோன்றியது. அப்படியென்றால் நல்லது எங்கே போயிற்று? கிடங்கிலிருந்து கடைக்கு வரும் வழியில் அது இருந்தது ஒரே ஒருவன் கையில்.

இரண்டாவது கண்ணாடியும் தாமதமாகத்தான் வந்தது. மூலையில் அச்சடித்த முத்திரையை சிஐடி டார்ச் அடித்துப் பார்த்தார். முன்னதைவிடக் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது, அல்லது அவருக்கு அப்படித் தெரிந்தது. மச்சானிடம் போய், "கிடங்குலேர்ந்து நேரா இங்கதான வந்தே?" என்று மெதுவாகக் கேட்டார். அவன் சும்மா புன்னகை செய்துவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டான்.

மாட்டிய நாலைந்து நாளில் அதுவும் அதே மூலையில் விரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி பரிமாறிக்கொண்டிருந்தாள். மச்சான் தலைகுனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சிஐடி இரண்டு தரம் கனைத்துப் பார்த்தார். அவன் நிமிரவில்லை. நெஞ்சில் பயம் இருப்பவன் எப்படி நிமிர்வான் என்று நினைத்தார்.

"நல்ல கண்ணாடியை எங்க கொண்டுபோய் குடுக்கறே?" என்று உரக்கவே கேட்டுவிட்டார்.

இது அவன் காதில் நன்றாக விழுந்தது. கை தட்டிலேயே நின்றது. "என்ன மாமா சொல்றீங்க?"

"ரெண்டு தடவையும் லேட்டு. கேட்டா சம்பந்தமில்லாம பதில். முகத்தைத் திருப்பிக்கறே. நான் கண்ணை மூடிக்கிட்டு இருக்கேன்னு நெனச்சியா?"

மச்சான் எழுந்து கை கழுவினான். அக்காவிடம், "நான் வரேன்க்கா," என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். மனைவி அவன் பாதியில் விட்ட தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அதன்பின் அந்த வீட்டில் "சாப்பாடு இருக்கு", "கதவைச் சாத்துங்க" என்பதைத் தாண்டிப் பேச்சில்லை.

ஆனாலும் சந்தேகம் ஒருவர்மேல் மட்டும் தங்கி ஓய்வெடுக்கிற சாமான் இல்லையே. மச்சான்தான் என்று உறுதி செய்துகொண்ட பிறகும், டாக்டர் காரை எங்கே, எப்படி நிறுத்துகிறாள் என்று பார்த்துவிடத் தோன்றியது. ஒரு மாலை அவள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறையில் இறங்கி, ஒரு தூணுக்குப் பின்னால் நின்று மஞ்சள் காரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தேடுறீங்க?"

முதுகுக்குப் பின்னால் டாக்டர் நின்றிருந்தாள். சிஐடி தூணை விட்டு வெளியே வந்தார். பிறகு உள்ளதைச் சொன்னார். "நீங்க எங்கயாவது இடிக்கிறீங்களான்னு பாக்க வந்தேன்."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ பெருமூச்சு விட்டாள். "ரெண்டாவது கண்ணாடி வந்த அன்னைக்கு உங்க கடைக்கு எதிர்ல இருக்கற பேக்கரியில காலையிலேர்ந்து உக்காந்திருந்தேன். நீங்க அதைக் கீழ போடுறீங்களான்னு பாக்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியொரு ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை. அவளும் பார்த்திருக்க மாட்டாள்.

"ஏறுங்க. எப்படி ஓட்டறேன்னு நீங்களே பாருங்க," என்றாள்.

மடங்கிச் சுருண்டு உள்ளே உட்கார்ந்தார். அவள் பொறுமையாகத்தான் ஓட்டினாள். நிலவறையிலிருந்து மேலே ஏறும் சரிவுப் பாதை ஓரிடத்தில் வளைந்து திரும்பும். அங்கே ஒரு முன்சக்கரம் மேட்டில் ஏற, மற்றது பள்ளத்தில் நின்றது. டிக் என்று ஒரு சத்தம். இருவர் கண்முன்னாலேயே, யாரும் தொடாமல், விரிசல் ஒரு விரல் நீளத்துக்கு வளர்ந்தது.

"நான் ஒண்ணும் பண்ணல," என்றாள் டாக்டர்.

"நானும்தான்," என்றார் சிஐடி.

மறுநாள் காரை, அடிபட்ட வண்டிகளை நிமிர்த்தும் தகர வேலைக்காரரிடம் கொண்டுபோனார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, சட்டத்தின் மூலைக்கு மூலை குறுக்காக அளந்தார். மறுபக்கமும் அளந்தார். இரண்டு அளவும் ஒத்துப்போகவில்லை. பானெட்டைத் திறந்து, பெயிண்டுக்கு அடியில் தெரிந்த வெல்டிங் மேட்டை விரலால் காட்டினார்.

"நல்லா அடி வாங்கின வண்டிம்மா. ஒட்டவெச்சு அழகா பெயிண்ட் அடிச்சிருக்காங்க. சட்டமே முறுக்கிக்கிட்டு நிக்குது. வண்டி அசையிற ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைப் பிழியுது. இதுல எந்தக் கண்ணாடி போட்டாலும் நிக்காது."

சிஐடிக்கு முதலில் வந்தது நிம்மதி. பசை குற்றமில்லை, கை குற்றமில்லை. அளந்து பார்க்கத் தனக்கு ஏன் தோன்றவில்லை என்ற வெட்கம் அடுத்து வந்தது. மனிதர்களையே நோட்டம் பார்த்துக்கொண்டிருந்ததில் காரைப் பார்க்க மறந்துபோயிருந்தார்.

டாக்டர் அங்கிருந்த பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். "அத்தான்கிட்ட வாங்கினேன்," என்றாள். அக்காவின் கணவர். "துணி எடுத்தாக்கூட ரெண்டு தடவை வெளிச்சத்துல பாக்கறவ நான். அவர்கிட்ட மட்டும் ஒண்ணும் கேக்கல. சின்ன வயசுல சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்ததே அவர்தான்."

சிஐடி அவள் எதிரே குந்தினார். "அவருக்கும் தெரியாம இருக்கலாம் டாக்டர்," என்றார். தன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்தது அவருக்கே ஆச்சரியம்.

அவள் நிமிர்ந்தாள். "நீங்க யாரை சந்தேகப்பட்டீங்க? என்னை மட்டுமா?"

"வேன் ஓட்டுறவனை. என் மச்சான்."

"அவரையா? அவருக்கு இடது காது கேக்காதே."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நாள் பூரா முகமூடி போட்டுக்கிட்டு பேசறவ நான். காது மந்தமானவங்க என் வாயைப் பாக்க முடியாம தடுமாறுவாங்க. அன்னைக்கு பேக்கரி வாசல்ல முகமூடியோட அவர்கிட்ட மணி என்னன்னு கேட்டேன். சிரிச்சாரே ஒழிய பதில் சொல்லல. இடது பக்கம் ஒரு லாரி ஹாரன் அடிச்சுது, திரும்பக்கூட இல்ல. உங்களுக்குத் தெரியாதா?"

தலையைத் திருப்பிக்கொண்டது, சம்பந்தமில்லாத பதில், அந்தப் புன்னகை. எல்லாவற்றையும் சிஐடியின் கண் பார்த்திருந்தது. பார்த்ததை அவர் வேறு கணக்கில் எழுதிவைத்திருந்தார்.

அங்கிருந்து நேராகக் கிடங்குக்குப் போனார். மச்சான் வேனின் பின்கதவருகே நின்று கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். சிஐடி அவன் இடப்பக்கமாகப் போய், "மச்சான், மன்னிச்சிடுடா," என்று மெல்லச் சொன்னார். அவன் கயிறு சுற்றுவதை நிறுத்தவில்லை. வலப்பக்கம் வந்து மறுபடி அதையே, அதே குரலில் சொன்னார்.

மச்சான் திரும்பிப் பார்த்தான். அவர் எந்தப் பக்கமிருந்து சுற்றி வந்தார் என்பதையும் கவனித்தான். "மன்னிப்பு கேக்க வந்தீங்களா, டெஸ்ட் பண்ண வந்தீங்களா மாமா?"

சிஐடிக்குக் காது மடல் சுட்டது.

"ரெண்டு தடவையும் காது டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன். அதான் லேட்டு. ஒரு காது முக்கால்வாசி போயிடுச்சு. வண்டியை விட்டு எறக்கிடுவாங்களோன்னு யார்கிட்டயும் சொல்லல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"உங்ககிட்டயா?" மச்சான் சிரித்தான், வலியோடு. "சொன்னா, காது கேக்காத மாதிரி நடிக்கிறேன்னு சொல்லியிருப்பீங்க."

சிஐடி மறுத்துப் பேச வாயெடுத்தார். ஆனால் கட்டாயம் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

கிடங்கு மேலாளரிடம் அவரே மச்சானை அழைத்துக்கொண்டு போனார். மருத்துவச் சான்று வரும்வரை கிடங்கில் ஏற்றி இறக்கும் வேலை, பிறகு காதுக்கருவியோடு மறுபடி வேன் என்று முடிவாயிற்று. காரின் சட்டத்தை நிமிர்த்த வெகுநாள் பிடித்தது. மூன்றாவது கண்ணாடியை மாட்டிய அன்றும் டாக்டர் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அத்தானிடம் கேட்டுவிட்டதாகவும், தனக்கே தெரியாது, தான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னதாகவும் சொன்னாள்.

"நம்பறதா வேண்டாமான்னு தெரியல. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

வேறொரு நாளாக இருந்தால் சிஐடி உடனே பதில் சொல்லியிருப்பார். "தெரியல டாக்டர்," என்றார். அந்தக் கண்ணாடி நின்றது. அவளும் அக்கா வீட்டுக்குப் போக வர இருக்கிறாள் என்று கேள்வி. அத்தானோடு பேசுகிறாளா என்பது அவருக்குத் தெரியாது.

மச்சான் அக்கா வீட்டுப் படியேற இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. "அக்காவுக்காகத்தான் வந்தேன்," என்று முதலிலேயே சொல்லிவிட்டான். காதில் புதுக் கருவி. மூன்று பேரும் பேசாமல் சாப்பிட்டார்கள். திடீரென்று அவன் தலையைத் தூக்கி, "என்னக்கா, உங்க ஃபிரிட்ஜ் எப்பவும் இப்படித்தான் இரையுமா?" என்று கேட்டான்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்தது. சிஐடி எழுந்து போய், ஓர் அட்டையை நாலாக மடித்து, ஃபிரிட்ஜின் ஆடுகிற காலுக்கடியில் வைத்து அழுத்தினார்.

"இப்போ?" என்று மச்சானைப் பார்த்துக் கேட்டார்.

"கொஞ்சம் பரவால்ல மாமா," என்றான் அவன்.