பென்டில் ஹில்லில் ஒரு தெருமூடி மடம்

மழையில் ஊறிய பழைய மரத்தின் வாசனையும், உட்கார்ந்தால் உடுப்பைத் தாண்டி ஏறும் கல்லின் குளிரும் சேர்ந்ததுதான் எனக்கு அந்த வாசல். பென்டில் ஹில்லில் நாங்கள் குடியிருந்த தெருவின் முனையில் ஒரு கல் தேவாலயம். அதன் மதிலுக்கு நடுவே ஓட்டுக்கூரை போட்ட வாசல், இரண்டு பக்கமும் கல் இருக்கைகள், நடுவில் இடுப்புயரத்துக்கு நீளமான ஒரு கல்மேடை. சனிக்கிழமைகளில், எங்களைப் போல அகதிகளாகப் படகில் வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தேவாலய மண்டபத்தில் இலவசமாக ஆங்கிலம் படிப்பித்தார்கள். வகுப்பு முடியும்வரை அம்மா அந்த வாசலில் காத்திருப்பார்.

அம்மா பருத்தித்துறைக்காரி. அங்கே வீதியின் மேலேயே கூரை போட்டு, வழிப்போக்கர் இளைப்பாறுவதற்குக் கட்டிய "தெருமூடி மடம்" ஒன்று உண்டு. அதனால் முதல் நாளே, "வெள்ளைக்காரரும் மடம் கட்டி வச்சிருக்கினம்" என்று முடிவு செய்துவிட்டார். கூடவரும் சாந்தி அன்ரி கல்மேடையில் துணி விரித்து, புட்டுப் பெட்டியையும் தேத்தண்ணிப் போத்தலையும் பரப்பிவிட்டு, "மேசையும் போட்டுத் தந்திருக்குதுகள், கதிரைதான் கொஞ்சம் குளிர்" என்பார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவின் பள்ளிக்கூட வயதை இடம்பெயர்வுகள் தின்றுவிட்டன. கண்ணில் பட்ட பலகையையெல்லாம் அவருக்கு வாசித்துச் சொல்வதில் எனக்கு அப்படியொரு பெருமை. ஒரு சனிக்கிழமை, வகுப்புக்கு முன், வாசலில் புதிதாக ஒரு விளக்கப் பலகை நின்றது. சதுரக் கோபுரம், கூர்நுனி வளைவுகள், தடித்த சுவர் என்று இடைக்கால இங்கிலாந்தின் ஊர்த் தேவாலயங்களைப் பார்த்தே இதைக் கட்டினார்களாம். இந்த வாசலின் பெயர் "லிச்கேட்". "லிச்" என்றால் பழைய ஆங்கிலத்தில் பிணம். சவத்தைச் சுமந்து வருபவர்கள் மேடையில் அதை இறக்கிவைத்து, பாதிரியார் வந்து முதல் செபத்தைச் சொல்லும்வரை மழைக்கு ஒதுங்கி நிற்பதற்கான இடம். சவப்பெட்டிக்கு வழியில்லாத ஏழைகளின் உடல், அந்தக் காலத்தில், துணி சுற்றியபடியே இப்படியான கூரையின் கீழ் காத்திருக்குமாம்.

"என்ன பிள்ளை எழுதியிருக்கு?" என்றார் அம்மா.

செத்த வீட்டுக்குப் போய்வந்தால், தலையில் தண்ணீர் வார்க்காமல் எங்களைத் தொடவும் மாட்டார் அவர். சொன்னால் இந்த வாசலை இனி மிதிக்க விடமாட்டார், வகுப்பும் அத்தோடு போய்விடும். ஆனாலும் என் வாசிப்பை நம்பி நின்றவருக்கு மாற்றி வாசித்துச் சொல்ல வாய் வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"ஐயோ, பிணம் வைக்கிற இடத்திலயோ இவ்வளவு நாளும் சம்பல் குழைச்சுத் திண்டனாங்கள்!" என்று சாந்தி அன்ரி புட்டுப் பெட்டியை வாரி எடுத்தார்.

அம்மா அசையவில்லை. "துணி சுத்தின ஏழையளுக்குமோ?"

"ஓம் அம்மா."

போரின் கடைசி நாட்களில் பீரங்கிச் செல் விழுந்து இறந்த தன் தம்பியை, வெட்டவெளி மணலில் அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தவர் அவர். கல்லை மெதுவாகத் தடவினார்.

"பிணத்துக்கும் நனையாமல் ஒரு கூரை" என்றார். பிறகு, "நீ போ பிள்ளை, வகுப்புத் தொடங்கப் போகுது. நான் இதிலயே இருக்கிறன்."

இன்று நான் பழைய கட்டடங்களைப் பேணும் கட்டடக்கலைஞர். வகுப்பு நடந்த மண்டபத்தை இடித்து மாடிக் குடியிருப்பு எழுப்பிவிட்டார்கள். சாந்தி அன்ரி மெல்பேர்னின் ட்ருகனினாவுக்குக் குடிபோய்விட்டார். சக்கர நாற்காலிகள் போய்வர வழி வேண்டுமென்று அந்தக் கல்மேடையையும் எடுத்துவிட்டார்கள், அது நியாயமும்தான். வாசலின் நடுவில் இப்போது வெறும் தரை. அம்மா மட்டும் அதை மிதிக்காமல், ஓரமாகச் சுற்றித்தான் நடக்கிறார்.