கெர்ட்ரூட் வைத்த ஏழாம் கேள்வி

அடைக்கப்பன் என் வீட்டுக்காரருக்குப் பங்காளி. அந்த முறைக்காக அவனை 'அவர்' என்று எழுதத்தான் பார்த்தேன், கை வரவில்லை. கெர்ட்ரூட் எனக்குச் சொந்தமும் இல்லை, எங்கள் சாமியைக் கும்பிடுகிறவளும் இல்லை. ஈப்போவில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி, அவ்வளவுதான். ஆனாலும் இந்தக் கதையில் நான் அவள் பக்கம். நடுநிலை வேண்டும் என்கிறவர்கள் வேறு ஆளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கெர்ட்ரூட் பிறந்தது கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார், அப்பா புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயப் போட்டார். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. மரத்தையெல்லாம் சாய்த்து வீடுகள் கட்டி, நுழைவாயிலில் நீரூற்றும் வைத்துவிட்டார்கள். பெண் பினாங்குக்குப் போய் வேதியியல் படித்தாள். ஈப்போவுக்கு வந்து நான்காம், ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். பெண் பார்க்க வந்த ஒருவன், "மோல்னா என்னாங்க?" என்று விளையாட்டாகக் கேட்டானாம். இவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல், காப்பி ஆறும்வரை விளக்கம் சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளை அப்புறம் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்தக் கதையைக் கேட்ட பிறகுதான்.

அவள் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. கணக்கைப் பார்த்ததும் கால்குலேட்டரைத் தொடக் கூடாது. "மொதல்ல இது நடக்குமான்னு பாரு. நடந்தாத்தான் எவ்வளவுன்னு கேக்கணும்" என்பாள். இந்தப் பொருளையும் அந்தப் பொருளையும் சேர்த்தால் வினை உண்டா இல்லையா என்று சொல்லாத பிள்ளை, விடையைச் சரியாகப் போட்டாலும் திட்டு வாங்கும். என் மகள் சாலாவும் வாங்கியிருக்கிறாள். தேர்வில் ஏ-யும் வாங்கினாள்.

அடைக்கப்பன் டியூஷன் சென்டர் வைத்திருந்தான். அவனும் வேதியியல் ஆசிரியன்தான். சூத்திரத்தை மனப்பாடமாகச் சொல்லுவான், எண்களைப் போடுவான், விடையைக் கோடிட்டுக் காட்டுவான். பெற்றோருக்கு அந்த வேகம் பிடிக்கும். கேள்வி யோசிப்பது மட்டும் அவனுக்கு வராது. அதற்குத்தான் கெர்ட்ரூட். அவளும் பல வருஷம் அவனுக்கு உழைத்துக் கொட்டினாள். நோய்த்தொற்று வந்து வகுப்பெல்லாம் இணையத்துக்கு மாறியதும் அவளைக் கூப்பிட்டான். "டீச்சர், ஒங்க பேச்சுல எஸ்டேட் வாடை அடிக்குது. ஆன்லைனுக்கு ஒத்து வராதுலா" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

அதை அவள் என்னிடம் சொன்னபோது அழவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. நாலு தலைமுறை இந்த ஊரில் சோறு தின்றும் எங்கள் ஆட்களில் சிலருக்கு, தோட்டத்து ஜனம் என்றால் மட்டம் என்கிற அந்தத் திமிர் போகவில்லை என்று வீட்டுக்காரரிடமே சண்டை போட்டேன். அவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

கெர்ட்ரூட் தன் வீட்டு முன்னறையில் வகுப்பு தொடங்கினாள். பிள்ளைகள் தேடி வந்தார்கள். இங்கே ஒரு வழக்கம் சொல்ல வேண்டும். ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வுக்கு முன்னால் ஒவ்வொரு டியூஷன் ஆசிரியரும் 'ராமாலான்' தாள் போடுவார். இந்த வருஷம் இந்த மாதிரிக் கேள்விதான் வரும் என்று கணித்துச் சொல்லும் தாள். அது பலித்தால் அடுத்த வருஷம் வகுப்பு நிரம்பும், பலிக்காவிட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். கெர்ட்ரூட்டின் கணிப்பு பெரும்பாலும் பலித்தது. பிரச்சினையும் அங்கேதான் முளைத்தது.

அவள் தன் பிள்ளைகளுக்குத் தாள் கொடுத்த அன்று மாலையே அதே கேள்விகள் அடைக்கப்பனின் டெலிகிராம் குழுவில் வந்தன, வழவழப்பான வண்ணத்தில், அவன் சென்டர் பெயரோடு. ஒரு வருஷம் தற்செயல் என்றிருந்தாள். அடுத்த வருஷமும் அப்படியே. வருஷத்துக்கு ஒரு பிள்ளையை அவன் தன் சென்டரில் இலவசமாகச் சேர்த்துக்கொண்டு, இவள் வகுப்புக்கும் அனுப்பிக்கொண்டிருந்தான்; இந்த வருஷம் ஷர்மினி என்ற பெண். தாளைப் படம் எடுத்து அனுப்புவது அந்தப் பிள்ளைகளின் வேலை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அவன் பரிமாறிக்கொண்டிருந்தான்.

அதைக்கூடக் கெர்ட்ரூட் பொறுத்திருப்பாள். ஒருநாள் கேரன் என்ற மாணவியின் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார்: "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அடைக்கப்பன் சார் பேப்பரைப் பார்த்துத்தான் போடுறீங்கன்னு சொல்றாங்க. அப்போ நாங்க அங்கயே போலாமே?" கேரன் நின்றுவிட்டாள். பின்னாலேயே இன்னும் பலர். திருடியவன் உத்தமன், பறிகொடுத்தவள் திருடி. அவளுக்கு இருந்த ஒரே சொத்து பெயர், அதுவும் போய்க்கொண்டிருந்தது.

"அந்த ஷர்மினிய வெளியே தொரத்து" என்றேன்.

"அது சின்னப் பொண்ணுக்கா. எனக்கு வேண்டியது அது இல்ல" என்றாள். அவள் சிரித்ததைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

இந்த வருஷத் தாளில் ஏழாம் கேள்வியாக அவள் வைத்தது இது: 6.4 கிராம் செம்புத் துண்டுகளை, தேவைக்கு மேற்பட்ட நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால், அறை வெப்பநிலையில் எத்தனை லிட்டர் ஹைட்ரஜன் வாயு வெளியாகும்? மறுவாரம் விடை பேசலாம் என்று சொல்லித் தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். அன்று மாலையே அது டெலிகிராமில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அடைக்கப்பனின் பெரிய கருத்தரங்கு.

"இதுல என்னா இருக்கு?" என்று கேட்டேன்.

"மெக்னீசியம், துத்தநாகம் மாதிரி உலோகத்த அமிலத்துல போட்டா ஹைட்ரஜன வெளியே தள்ளும். செம்புக்கு அந்த பலம் கெடையாதுக்கா. போட்டா சும்மா கெடக்கும். விடை சுழியம். சூத்திரத்த மட்டும் நம்புறவனுக்கு அழகா ஒரு விடை வரும்."

"பிள்ளைங்க தப்பா படிச்சுட்டுப் போயிட்டா?"

"அதுக்குத்தான் நானே போறேன். நீங்களும் வாங்க."

கருத்தரங்கு நடந்த டேவான், பெரிய மண்டபம்தான், நிரம்பியிருந்தது. பெற்றோர்கள் சுவரோரம் நின்றார்கள், கேரனின் அம்மாவும் இருந்தார். மேடையில் அடைக்கப்பன் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாக வெளுத்து வாங்கினான். ஏழாவது வந்தது. "இது ரொம்ப முக்கியமான கேள்வி. நான் ரொம்ப யோசிச்சுப் போட்டது" என்றான். எனக்கு அப்போதே செருப்பைக் கழற்றலாம் போலிருந்தது. பலகையில் வேகமாக எழுதினான். 6.4 வகுத்தல் 64, பூச்சியம் புள்ளி ஒன்று மோல். ஒரு மோல் வாயு இருபத்து நாலு லிட்டர். ஆகவே 2.4 லிட்டர். இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டான். கூட்டம் மொத்தமும் குனிந்து எழுதிக்கொண்டது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பெற்றோர் சிலர் கைதட்டினார்கள்.

கெர்ட்ரூட் எழுந்து நடந்தாள். அவளைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு நொடி சுருங்கி, உடனே விரிந்தது. "ஆ, டீச்சர். வாங்க, வாங்க" என்றான்.

"சார், ஒரு சின்ன உதவி. பிள்ளைங்களுக்கு அந்த வாயுவக் காட்டுங்க" என்று கைப்பையிலிருந்து ஒரு சோதனைக் குழாயையும் அமில பாட்டிலையும் எடுத்து மேஜையில் வைத்தாள். தேய்த்துப் பளபளப்பாக்கிய செம்புத் துண்டுகளும் ஒரு பொட்டலத்தில் இருந்தன.

அத்தனை பேர் முன்னால் முடியாது என்று சொல்ல அவனுக்கு வழியில்லை. செம்பைப் போட்டான். முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. குழாயைக் குலுக்கினான். செம்பு அடியில் கல்லுப் போலக் கிடந்தது. அவன் நெற்றி வியர்த்ததை நான் ஆசை தீரப் பார்த்தேன்.

"அமிலம் பழசா இருக்கும். செத்துப்போன அமிலம்" என்றான்.

கெர்ட்ரூட் மறுபடி கைப்பைக்குள் கைவிட்டாள். அதே குழாயில் ஒரு சின்ன மெக்னீசியம் நாடாவைப் போட்டாள். சடசடவென்று நுரைத்துக்கொண்டு கிளம்பியது. பிள்ளைகள் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒரு பையன், "அப்போ செம்பு வேலை செய்யாதுலா சார்" என்றான். அடுத்தவன் தாளில் 2.4-ஐ அடித்தான். அடிக்கும் சத்தம் வரிசை வரிசையாகப் பரவியது. பெற்றோர் கிசுகிசுக்கத் தொடங்கினார்கள். தேர்வுக்கு முந்தின வாரம் தப்பாகச் சொல்லிக்கொடுத்தவன் என்று பெயர் வந்தால் ஈப்போவில் யார் பிள்ளையை அனுப்புவார்கள்?

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாயைத் திறக்க மாட்டான் என்பார்கள். இவன் திறந்தான்.

"இந்தக் கேள்வி நான் போட்டது இல்ல" என்றான் மைக்கில். குரல் டேவான் முழுக்கக் கேட்டது. "இது இந்த டீச்சர் போட்டது. தப்பு அவுங்களது. அவுங்க பேப்பர்லேருந்துதான் வந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே எட்டியது. கேரனின் அம்மா கையிலிருந்த தாளைப் பார்த்தார், பிறகு கெர்ட்ரூட்டைப் பார்த்தார்.

கெர்ட்ரூட் அவனை விடவில்லை. விடுவதற்காக அவள் வரவில்லை.

"சரி சார், ஏழாவது என்னோடதுதான்" என்றாள், மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும்படி. "மத்த கேள்வில ஒங்களோடது எது? ஒன்னே ஒன்னு சொல்லுங்க, நான் போயிடுறேன்."

அடைக்கப்பன் தாளை முன்னும் பின்னும் திருப்பினான். எல்லாரும் காத்திருந்தார்கள்.