நாற்பது வளைவுகளும் ஒரு முன் சீட்டும்

1994 தை மாதம். புதன்கிழமை காலை ஏழு மணிக்கு உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் ஐந்து ரூபாய். இவ்வளவு பக்கத்தில் துடியலூரிலேயே பிறந்து வளர்ந்தவன் முப்பத்தெட்டு வயது வரை வால்பாறையைப் பார்க்கவில்லை என்றால் வெட்கக்கேடுதான். கிணத்துக்கடவு தாண்டியும் சாலையின் இருபுறமும் புளியமரங்கள் கூடவே வந்தன.

எட்டரைக்குப் பொள்ளாச்சி. வால்பாறை பஸ் ஒன்பதேகாலுக்கு. அரை மணி முன்னதாகவே ஏறி, டிரைவருக்கு இடப்பக்கம் உள்ள முன் சீட்டைப் பிடித்துவிட்டேன். சாலையைப் பார்க்கத்தானே வந்திருக்கிறேன்! யார் கேட்டாலும் இதை விட்டுக்கொடுப்பதில்லை என்று தீர்மானமாக இருந்தேன்.

எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தவர் சென்னியப்பன். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மடியில் மஞ்சள் பை. அருமைக்காரர். கவுண்டர் வீட்டுக் கல்யாணங்களில் சீர் என்னும் சடங்குகளை நடத்தித் தாலி எடுத்துக் கொடுப்பவர். அவர் வராமல் மணமேடையில் ஒரு காரியமும் நடக்காது.

"நாளைக்கு வால்பாறைல ஒரு கல்யாணமுங்க. பொண்ணோட அப்பன் கல்யாணத்தையும் நாந்தானுங்க பண்ணி வெச்சேன். அங்கதான் மளிகைக் கடை வெச்சிருந்தான். இப்ப அவன் இல்லீங்க. சாயங்காலமே சீர் ஆரம்பிக்கோணும். நா போயே ஆகோணுமுங்க" என்றார்.

மலையேறுவது அவருக்கும் முதல் தடவை. புறப்படும் முன் பொள்ளாச்சித் தங்கை வீட்டில் அரிசிம்பருப்புச் சோறும் நெய்யுமாக மூன்று முறை பரிமாறிவிட்டார்களாம்.

"வேண்டாம்னு எந்திரிச்சா தங்கச்சி மொகம் சுண்டிப் போயிருமுங்க."

மலைப்பாதைக்குப் புறப்படுகிறவரை மூக்குமுட்டச் சாப்பிட வைத்து அனுப்ப எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும்.

பத்து மணிக்கு ஆழியாறு. தென்னந்தோப்புகள் முடிந்து, அணையை ஒட்டிச் சாலை மலையைத் தொட்டது. இங்கிருந்து மேலே நாற்பது கிலோமீட்டர், நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். இந்தப் பாதையை யார் வெட்டினார்கள் என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"தோட்டத் தொரைமாருக காலத்து ரோடுங்க. எங்க தாத்தன் பொழைக்க வழியில்லாம இதுல நடந்தே ஏறுனாருங்க. தேயிலதான் வண்டீல எறங்குச்சு" என்றார், டிக்கெட் கிழித்தபடியே.

ஐந்தாவது வளைவில் பின்னாலிருந்து முனகல். ஒன்பதாவது வளைவில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிய சென்னியப்பன், தங்கையின் உபசாரம் முழுவதையும் சாலையோரத்தில் வைத்துவிட்டார். கீழே ஆழியாறு அணை நீலமாக விரிந்து கிடந்தது. அதைப் பார்க்கும் நிலையில் அவர் இல்லை.

"நீங்க போங்க கண்ணு. நா நடந்தே வாரேன்" என்றார் டிரைவரிடம்.

"முப்பத்தியொரு வளைவையா? ஆனை நடமாடற காடுங்க. நீங்க வந்து சேர்றதுக்குள்ள மாப்பிள்ளைக்கு நரைச்சுப் போகும்" என்றார் டிரைவர். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: "முன்னால உக்காந்து ரோட்டைப் பாருங்க ஐயா. வண்டி எந்தப் பக்கம் திரும்புதுன்னு கண்ணுக்கு முந்தியே தெரிஞ்சா வயிறு பொரட்டாது. கல்லுல வளைவு நெம்பர் இருக்குது. நீங்க சத்தமாச் சொன்னாத்தான் நா ஸ்டீரிங் திருப்புவேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பஸ்ஸே என்னைப் பார்த்தது. எழுந்துகொண்டேன். பெருந்தன்மையெல்லாம் இல்லை, மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் எழுந்தேன்.

பின் வரிசையில் ஒரு முட்டைக்கோஸ் மூட்டைக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவில் இடம் கிடைத்தது. சாலை தெரியவில்லை. "பத்து!" என்ற குரல் மட்டும் கேட்டது. பதினைந்து வரை அது நடுங்கியது. இருபதில் கல்யாணப் பந்தலில் கட்டளையிடும் குரலாக மாறிவிட்டது. அட்டகட்டியில் டீக்கு நிறுத்தினார்கள்; ஒன்றரை ரூபாய். அவர் இறங்கவே இல்லை. முப்பதுக்கு மேல் பஸ் முழுவதும் சேர்ந்து கத்தியது. நாற்பது சொன்னபோது நானும் கத்தினேன் என்பதை மறைப்பானேன்? ஒரு மணிக்கு வால்பாறை.

சென்னியப்பன் என்னையும் கல்யாணத்துக்கு இழுத்துப்போனார். வியாழன் விடியலில் அவர் தாலியை எடுத்துக் கொடுத்தபோது, பெண்ணின் அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் நடந்தே வருகிறேன் என்றது அவளுக்குத் தெரியாது. சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளி காலை ஏழு மணி, திரும்பும் பஸ். அதே டிரைவர். முன் சீட்டில் ஒரு துண்டு கிடந்தது. அதற்குப் பின் சீட்டில் சென்னியப்பன்.

"உங்களுக்குத்தானுங்க போட்டு வெச்சேன். ரோட்டைப் பாக்கோணும்னு வந்தீங்க, நா கெடுத்துப்போட்டேன்."

"உங்களுக்கு?"

"ஒண்ணும் திங்கலீங்க. கல்யாண வீட்ல எத்தனையோ கும்பிட்டுக் கேட்டாங்க. நீங்க நெம்பரச் சொல்லுங்க, கண்ண மூடிக் கேட்டுக்கறேன்."

நாற்பதிலிருந்து இறங்குமுகமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். தேயிலைச் சரிவுகள், அட்டகட்டி, காடு, எல்லாவற்றையும் ஆசை தீரப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னாலிருந்து "ம்" வந்தது. எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் சாலையில் இருபது வருடமாக பஸ்ஸில் போய்வருகிறேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

"ஒன்பது" என்றேன். "ம்" வரவில்லை. பதறித் திரும்பினேன். வாய் லேசாகத் திறந்திருக்க, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

எண்ணுவதை நிறுத்தினால் விழித்துக்கொள்வாரோ என்ற பயத்தில், ஒன்று வரை சொல்லிக்கொண்டே போனேன்.